கம்பிவழி வந்த கையெழுத்து

நுழையும்முன்

ஒருவர் எழுதியது எழுதியவாறே மற்றொருவர் கைக்குச் சென்றுசேர வேண்டும் என்பது மாந்தரின் நெடுநாள் விருப்பம். ஓலை, அஞ்சல், தந்தி, தொலைபேசி என ஒவ்வொன்றும் அவ்விருப்பத்தின் ஒரு பகுதியை நிறைவேற்றின. தந்தியின் விரைவையும் மடலின் உருவத்தையும் ஒருசேரத் தந்த கருவி தொலைநகல். சென்னையின் மேற்குப் புறநகரில் ஓர் அலுவலகத்தின் மேசைக்கு அக்கருவி வந்தபோது அதனுடன் வந்த மாற்றங்களையும், அது விட்டுச்சென்ற கேள்வியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

ஆலைகளின் ஊர்

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில் பாடியைக் கடந்தால் தொழிற்கூடங்களின் வரிசை தொடங்கிவிடும். சக்கரங்கள், நிறுத்திகள், மின்கருவிகள் என வண்டிகளுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்யும் ஆலைகள் பாடியில் உள்ளன. அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மிதிவண்டி நிறுவனம் அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. இந்தியாவில் உருவான 'விஜயந்தா' டாங்கிகள் 1965 முதல் அங்கிருந்து வெளிவந்தன.

இப்பேராலைகளைச் சூழ்ந்து சிறு தொழிற்கூடங்கள் பெருகின. 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அவற்றின் தாய்வீடாயிற்று. ஒரு கூடத்தில் நான்கு கடைசல் இயந்திரங்கள் இருக்கும்; அடுத்த கூடத்தில் முலாம் பூசுவர்; அதற்கடுத்த கூடத்தில் வார்ப்படம் செய்வர். பேராலை ஒன்று தரும் வரைபடத்தைப் பார்த்து, அதிலுள்ள அளவு பிசகாமல் உறுப்புகளைச் செய்துகொடுப்பதே இவர்களின் பிழைப்பு. ஆகவே, இங்கே வரைபடம் என்பது வெறும் தாள் அன்று. பத்துப் பதினைந்து குடும்பங்களின் அடுத்த மாதச் சம்பளம் அது.

அவ்வரைபடம் வந்துசேரும் வழிதான் இடராக இருந்தது. உள்ளூர் என்றால் மிதிவண்டியில் ஓர் இளைஞர் சென்று வாங்கி வருவார். புணே, ஃபரீதாபாத் போன்ற தொலைவான ஊர்கள் என்றால் அஞ்சலுக்காகக் காத்திருக்க வேண்டும். அளவில் ஓர் ஐயம் எழுந்தால் விளக்கம் கேட்டு ஒரு மடல், அதற்கு மறுமொழியாக ஒரு மடல் என நாள்கள் ஓடிவிடும். அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும்.

எழுத்தைச் சுமக்காத கம்பி

விரைவான வழிகள் அன்றும் இருந்தன. தந்தி இருந்தது. பெரிய நிறுவனங்களில் டெலக்ஸ் என்னும் தொலையச்சுக் கருவியும் இருந்தது. அதற்கான இயந்திரங்களைச் செய்ய 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் சென்னைக் கிண்டியிலேயே இயங்கிற்று. ஒரு முனையில் தட்டச்சு செய்தால் மறுமுனையில் அவ்வெழுத்துகள் அச்சாகும். ஆயினும், டெலக்ஸ் கம்பி உண்மையில் எழுத்தைச் சுமக்கவில்லை. எழுத்துக்கு ஈடான குறியீட்டையே சுமந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள். ஐந்து துடிப்புகளைக்கொண்டு முப்பத்திரண்டு வேறுபாடுகளையே காட்ட முடியும். ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் அதற்குள் அடங்கிவிட்டன. 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு அங்கே இடமில்லை. வட்டம், கோடு, வளைவு ஆகியவற்றால் ஆன வரைபடத்திற்கும் இடமில்லை. கையொப்பத்திற்கும் இல்லை.

தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் பிறந்த ஆர். முத்தையா உருவாக்கிய விசைப்பலகையின் வழியே தமிழ்த் தட்டச்சுப் பொறி அலுவலகங்களுக்குள் நுழைந்திருந்தது. கோப்புகள் தமிழில் எழுதப்பட்டன. ஆனால் அவசரம் என்று வந்தால் அக்கோப்பின் செய்தியை ஆங்கிலத்தில் மாற்றியே கம்பியில் ஏற்ற வேண்டியிருந்தது. மேசையில் தமிழ், கம்பியில் ஆங்கிலம் என்னும் இவ்விரட்டை நிலை நீண்ட காலம் நீடித்தது.

கடிகாரம் செய்தவரின் கனவு

எழுத்தைக் குறியீடாக மாற்றாமல் உருவமாகவே அனுப்ப முடியுமா என்று தொலைபேசி தோன்றுவதற்கு முன்பே ஒருவர் சிந்தித்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் என்னும் அவர் கடிகாரம் செய்பவர். இரு ஊர்களில் இரண்டு ஊசல்கள் ஒரே கதியில் ஆடினால், ஒன்று தொட்டுணரும் உருவை மற்றொன்று வரையலாம் என்பது அவர் கண்ட வழி. 1843இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இத்தாலியத் துறவியான ஜியோவான்னி காசெல்லி அவ்வழியை மேலும் செப்பம் செய்தார். அவர் உருவாக்கிய 'பான்டெலிகிராஃப்' கருவியின் உதவியால் 1865இல் பிரான்சின் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே கையெழுத்தும் படமும் தந்திக் கம்பியில் பயணம் செய்தன.

அதன்பின் ஒரு நூற்றாண்டு கடந்தும் அக்கருவி பொது அலுவலகங்களை எட்டவில்லை. விலை மிகுதி; வேகம் குறைவு; ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச மறுத்தது. 1960களில் வந்த கருவிகள் ஒரு பக்கத்தை அனுப்ப ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டன. 1980ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொலைத்தொடர்புக் குழு 'மூன்றாம் பிரிவு' என்னும் பொது விதிகளை வகுத்தது. எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும் எல்லாக் கருவிகளும் ஒரே ஒழுங்கில் பேச வேண்டும் என்பதே அவ்விதிகளின் சாரம். ஆறு நிமிட வேலை ஒரு நிமிடத்திற்குள் அடங்கிற்று.

இம்மாற்றத்தில் ஜப்பானுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துகளைக் கொண்ட ஜப்பானிய மொழிக்கும் டெலக்ஸ் ஒத்துவரவில்லை. கையால் எழுதியதை அப்படியே அனுப்பும் கருவி அந்நாட்டுக்கு இன்றியமையாததாயிற்று. அங்குள்ள நிறுவனங்கள் அதனைச் சிறிதாக்கின, விலையைக் குறைத்தன. ஜப்பானியர் தம் எழுத்தைக் காக்கச் செய்த முயற்சி தமிழ் எழுத்துக்கும் பயன்பட்டது.

| தெரிந்து தெளிவோம் |
சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழ், பிற ஊர்களுக்கு இதழ்களைக் கொண்டுசெல்ல 1963இல் சொந்த விமானங்களைப் பயன்படுத்தியது. 1969இல் அச்சுப் பக்கத்தின் உருவத்தையே தொலைநகல் முறையில் அனுப்பத் தொடங்கியது. இந்திய நாளிதழ்களுள் இம்முறையை முதன்முதலில் மேற்கொண்டது அதுவே. இதழைச் சுமந்து பறப்பதைவிட இதழின் உருவை அனுப்பி அந்தந்த ஊரில் அச்சிடுவது எளிதாயிற்று.

மேசைக்கு வந்த கருவி

1990களின் தொடக்கத்தில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு அலுவலகம் ஒன்றை மனக்கண்ணில் காணலாம். முன்னறையில் இரண்டு மேசைகள். பின்னால் கடைசல் கூடத்தின் ஓயாத ஓசை. ஒரு மேசையில் தட்டச்சுப் பொறி. அதன்முன் இருபது ஆண்டுகள் பணியாற்றிய அம்மையார். மற்றொரு மேசையில் தொலைபேசி. பல்லாண்டு காத்திருந்து பெற்ற ஒற்றை இணைப்பு அது. அன்று தொலைநகல் கருவி வந்திறங்கியது. அதை நிறுவ ஓர் இளைஞரும் வந்தார்.

கருவியை எங்கே வைப்பது என்பதே முதற்கேள்வி. சன்னலோரம் காற்றோட்டமாக இருந்தது. இளைஞர் மறுத்தார். இக்கருவியில் மையில்லை, சூடு பட்டால் கறுக்கும் தாளே இதன் ஏடு. வெயில் விழும் இடத்தில் வைத்தால் தாள் தானாகவே கறுக்கும். கடைசல் கூடத்தை ஒட்டி வைத்தால் இரும்புத் தூசி உள்ளே புகும். சுவரோரம், தொலைபேசி இணைப்புப் பெட்டிக்கு அருகில், நிழலான இடமே தக்கது என முடிவாயிற்று.

தாள் உருளையை அம்மையாரிடம் நீட்டி, "அம்மா, இதில் எந்தப் பக்கம் எழுத்து விழும், சொல்லுங்கள்?" என்றார் இளைஞர்.

"இரண்டு பக்கமும் வெள்ளையாகத்தானே இருக்கிறது, தம்பி!"

"நகத்தால் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள்."

அவர் கிழித்துப் பார்த்தார். ஒரு பக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. மறுபக்கத்தில் நகம் உரசிய சூட்டுக்கே மெல்லிய கருங்கோடு விழுந்தது. உருளையை எப்படிப் பொருத்துவது என்பதை அதன்பின் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து மின்னிணைப்பு. மாலையில் கூடத்தை அடைக்கும்போது தலைமை விசையை நிறுத்திவிடுவது அங்கு வழக்கம். நெருப்பு அச்சத்தால் ஏற்பட்ட நல்ல வழக்கம்தான். ஆனால், இங்கே இரவு என்றால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அலுவலக நேரம். இரவில் வரும் மடலைப் பெறக் கருவி விழித்திருக்க வேண்டும். எனவே அதற்கென்று தனி விசையும், மின்னழுத்தம் ஏறி இறங்காமல் காக்கும் நிலைப்படுத்தியும் பொருத்தப்பட்டன.

பின்னர்த் தொலைபேசிக் கம்பியை இணைத்து எண்களை அழுத்தினார். அழைப்பு போகவில்லை. மீண்டும் அழுத்தினார், போகவில்லை. கருவியில் பழுதேதும் இல்லை. புதிய கருவி ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரு தொனியாக ஒலித்தது. பழைய தொலைபேசி இணைப்பகமோ ஐந்து என்றால் ஐந்து துடிப்பு, ஒன்பது என்றால் ஒன்பது துடிப்பு என்று எண்ணிக் கேட்டே பழகியது. கருவியின் அமைப்பைத் துடிப்புமுறைக்கு மாற்றியதும் அழைப்பு சென்றது. புதியது பழையதோடு சேர்ந்து இயங்க வேண்டுமானால் புதியதே பழையதன் மொழியைக் கற்க வேண்டியிருந்தது.

கடிகாரத்தைச் சரிசெய்தனர். நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் பதித்தனர். அனுப்பும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் அவ்வரி அச்சாகும். அதை ஆங்கில எழுத்துகளில் மட்டுமே பதிக்க இயன்றது. அதன்கீழே பக்கம் முழுவதும் எம்மொழியும் இடம்பெறலாம். அம்மையார் ஒரு தாளில் தமிழில் நான்கு வரி எழுதி, கையொப்பமிட்டு, கருவிக்குள் செலுத்தினார். தாள் மெல்ல உள்ளே சென்று வெளியே வந்து விழுந்தது.

"தாள் இங்கேயே இருக்கிறதே, தம்பி! அப்படியானால் அங்கே என்னதான் போயிற்று?"

இளைஞர் சிரித்துவிட்டார். ஆனால், அக்கேள்வி சிரித்துக் கடந்துவிடக் கூடியதன்று.

கீச்சொலியின் பொருள்

அங்கே போனது புள்ளிகளின் கணக்கு. கருவி தாளைக் குறுக்குவாட்டில் வரிவரியாக நோக்குகிறது. ஒவ்வொரு வரியிலும் 1728 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் வெள்ளையா, கறுப்பா என்று மட்டுமே அது கேட்கிறது. சாதாரண நிலையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ நான்கு வரிகள் அமைகின்றன. ஓர் 'ஏ4' தாளுக்குச் சற்றேறக்குறைய இருபது இலட்சம் புள்ளிகள். எழுத்து என்னும் எண்ணமே கருவிக்கு இல்லை. தமிழும் ஜப்பானியமும் பொறியாளரின் வரைபடமும் குழந்தையின் கிறுக்கலும் அதற்கு ஒன்றே. எந்த எழுத்தையும் அறியாத காரணத்தால் எல்லா எழுத்துகளையும் அதனால் சுமக்க முடிந்தது.

இருபது இலட்சம் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னால் நொடிக்கு 9600 குறிகள் என்ற வேகத்திலும் மூன்று நிமிடத்திற்கு மேலாகும். அதனால் கருவி சுருக்கிச் சொல்கிறது. 'வெள்ளை, வெள்ளை, வெள்ளை' என்று 1728 முறை சொல்லாமல், 'இவ்வரி முழுவதும் வெள்ளை' என்று பதினேழே குறிகளில் சொல்லிவிடுகிறது. தாளில் எழுத்தைவிட வெற்றிடமே மிகுதி. ஆகவே பெரும்பகுதி நேரம் மிச்சமாகிறது.

அழைப்பு இணைந்ததும் கேட்கும் கீச்சொலி இரு கருவிகளின் உரையாடல். அனுப்பும் கருவி மூன்று நொடிக்கு ஒருமுறை குறுந்தொனி ஒன்றை எழுப்பி 'நான் தொலைநகல்' என்கிறது. பெறும் கருவி நெடிய தொனியால் விடையளித்துத் தன் திறன்களைக் கூறுகிறது. இரண்டும் ஒரு வேகத்தில் உடன்படுகின்றன. சிறிய ஒத்திகை ஒன்றை நடத்துகின்றன. கம்பியில் இரைச்சல் மிகுந்தால் 9600 என்னும் வேகம் 7200 ஆகவும், 4800 ஆகவும், 2400 ஆகவும் இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மண்ணுக்கடியிலுள்ள தொலைபேசி வடங்களின் இணைப்புகளில் மழைநீர் இறங்கும்போது இது நாள்தோறும் நிகழும். வேகத்தில் விட்டுக்கொடுத்தேனும் செய்தியைச் சேர்ப்பது என்பதே அவ்விதிகளை வகுத்தோரின் நோக்கம்.

பக்கம் முடிந்ததும் பெறும் கருவி 'பெற்றேன்' என்கிறது. அனுப்பிய கருவி ஒரு சிறுதாளில் 'ஓ.கே.' என்று அச்சிடுகிறது.

மூன்றா, எட்டா?

அந்த 'ஓ.கே.' என்னும் சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது.

தொலைவிலுள்ள ஓர் ஆலையிலிருந்து வெண்கல உறுப்பொன்றின் வரைபடம் வருவதாகக் கொள்ளலாம். உள்விட்டம் 18.36 மில்லிமீட்டர். சாதாரண நிலையில் இரண்டு வரிகளுக்கு இடையேயான தொலைவு கால் மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதி. சிறிதாக எழுதிய எண்ணில் மூன்றின் திறந்த வாய்க்கும் எட்டின் மூடிய வாய்க்கும் உள்ள வேறுபாடு அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். கம்பியின் இரைச்சல் ஒரு புள்ளியைக் கூட்டினால் 18.36 என்பது 18.86 என்று தோன்றும்.

பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். புள்ளி மறைந்து 1836 என்று வந்தால் எவரும் ஐயுறுவர். அரை மில்லிமீட்டர்ப் பிழையை எவரும் ஐயுறார். கடைசல்காரர் தாளிலுள்ளபடி திறமையாகவே துளையிடுவார். இருநூறு உறுப்புகளும் ஒன்றுபோல் அழகாக அமையும். இருநூறும் பயன்படாமல் போகும். குறைவாகக் கடைந்திருந்தால் மேலும் கடையலாம். மிகுதியாகக் கடைந்த உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாது. பிழை யாருடையது? அனுப்பியவர் கையில் 'ஓ.கே.' தாள் இருக்கும். செய்தவர் கையில் 18.86 என்ற தாள் இருக்கும். இருவரும் உண்மையே சொல்வர். இழப்போ சிறு தொழிற்கூடத்தின் தலையில் விழும்.

ஆகையால், கருவியை நிறுவுதல் கம்பியை இணைத்ததோடு முடியவில்லை. அவ்வலுவலகத்தில் சில ஒழுங்குகளையும் நிறுவ வேண்டியிருந்தது. உரிமையாளர் அப்பொறுப்பை அம்மையாரிடமே ஒப்படைத்தார். தட்டச்சு வேலை இனிக் குறைந்துவிடுமோ என்று உள்ளூர அஞ்சிக்கொண்டிருந்தவர் அவர். இரண்டு நாள் சிந்தித்து, ஓர் அட்டையில் தம் கைப்பட எழுதிக் கருவிக்கு மேலே சுவரில் ஒட்டினார்:

1. வரைபடம் அனுப்பும்போதும் கேட்கும்போதும் நுண்ணிலையில் அனுப்புக, அனுப்பச் சொல்லுக.
2. எண்களைப் பெரிதாக எழுதுக. முதன்மையான அளவை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக.
3. தாள் வந்தவுடன் தொலைபேசியில் அழைத்து அளவுகளை வாய்விட்டுப் படித்து ஒப்புநோக்குக.
4. வந்த தாளை அன்றே செராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைக்குக.
5. பச்சை விளக்கு எரியும்போது மற்ற தொலைபேசியை எடுக்கற்க.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு காரணம் உண்டு. நுண்ணிலையில் வரிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். மூன்றும் எட்டும் பிரிந்து தெரியும். நேரமும் கட்டணமும் கூடும். வெப்பத்தாளில் விழுந்த எழுத்து நிலையானதன்று. கோப்பிலேயே மெல்ல மங்கி வெறுந்தாளாகிவிடும். ஒற்றை இணைப்பில் கருவி பேசும்போது வேறொருவர் தொலைபேசியை எடுத்தால் பக்கம் பாதியில் சிதையும்.

மூன்றாம் விதியே உயிரானது. கருவி 'பெற்றேன்' என்று சொல்லும். 'புரிந்துகொண்டேன்' என்று சொல்லாது. அதைச் சொல்ல மனிதர் ஒருவர் வேண்டும். "சார், உள்விட்டம் பதினெட்டுப் புள்ளி மூன்று ஆறு, சரிதானே?" என்று அம்மையார் தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் அந்த இடைவெளி நிரம்பியது. திருக்குறளில் 'தூது' என்று ஓர் அதிகாரமே உண்டு. வாய் சோராமல் செய்தி உரைக்கும் பண்பைத் தூதருக்குரிய தகுதிகளுள் ஒன்றாக அது வேண்டுகிறது. இயந்திரம் தூதர் வேலையை ஏற்றபோது அத்தகுதி வேண்டாததாகிவிடவில்லை. இயந்திரத்தின் அருகில் இருப்பவரைச் சேர்ந்தது.

நாள் குறித்த தாள்

தொலைநகல் தாளின் மதிப்பு குறித்து நாட்டின் உச்ச நீதிமன்றமே முடிவு கூற வேண்டிய நிலையும் வந்தது. காசோலை பணமின்றித் திரும்பினால், பணம் பெற வேண்டியவர் எழுத்து வழியாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதைப் பெற்றவருக்குப் பணம் செலுத்தப் பதினைந்து நாள் தவணை உண்டு. தவணை தவறினால் ஒரு மாதத்திற்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். பெங்களூரைச் சேர்ந்த பட்டு ஏற்றுமதி நிறுவனம் ஒன்று 1996 சூன் மாதம் அமெரிக்க நிறுவனத்திற்கு அவ்வறிவிப்பைத் தொலைநகலில் அனுப்பியது; மறுநாள் பதிவஞ்சலிலும் அனுப்பியது. பதிவஞ்சல் சேர்ந்த நாளைக் கொண்டு கணக்கிட்டு ஆகஸ்டு மாதம் வழக்குத் தொடுத்தது.

1999இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுத்து வழி அறிவிப்பு என்று சட்டம் கூறுவதில் தொலைநகலும் அடங்கும் என்றது. அவ்வாறாயின் அறிவிப்பு தொலைநகல் சேர்ந்த நாளிலேயே சேர்ந்துவிட்டது. நாள் கணக்கும் அன்றே தொடங்கிவிட்டது. ஆகஸ்டில் தொடுத்த வழக்கு காலங்கடந்தது. தொலைநகலுக்குச் சட்டத்தின் மதிப்பைப் பெற்றுத் தந்த அத்தீர்ப்பே தொலைநகல் அனுப்பியவரின் வழக்கை முடித்துவைத்தது. விரைவான கருவியைக் கையாள்பவர் அவ்விரைவுக்கு ஈடாகத் தம் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அது உணர்த்தியது. அம்பத்தூர் அலுவலகத்தில் கருவியின் கடிகாரத்தைச் சரிசெய்த அந்தச் சிறு வேலையின் பெரும்பொருளும் இதுவே.

இன்றும் நிற்கும் கேள்வி

1995 ஆகஸ்டு 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணங்களுக்கு ஏற்பளித்தது. மின்னஞ்சல் வந்தபின் தொலைநகல் மெல்லப் பின்வாங்கிற்று. 2013 சூலையில் இந்தியாவின் தந்திச் சேவையே நிறைவுற்றது. இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் உள்ள தொழிற்கூடங்களுக்கு வரைபடங்கள் கைப்பேசியிலேயே வருகின்றன. விரலால் பெருக்கிப் பார்த்தால் மூன்றும் எட்டும் தெளிவாகவே பிரிந்து தெரிகின்றன. தமிழும் எத்தடையுமின்றிக் கம்பியிலும் காற்றிலும் செல்கிறது.

ஆனாலும், 'ஓ.கே.' என்ற அச்சு இருந்த இடத்தில் இன்று இரண்டு நீலக்குறிகள் இருக்கின்றன. அவை திறக்கப்பட்டதைக் காட்டும். மனத்தில் பதிந்ததைக் காட்டா. பழைய வரைபடத்திற்கு மாற்றாகத் திருத்திய வரைபடம் வந்திருக்கும். அது நூறு செய்திகளுக்கு நடுவே புதைந்து கிடக்கும். கடைசல்காரர் பழையதையே பார்த்துத் துளையிடுவார். 18.36 இன்றும் தவறாகலாம்.

தொலைநகல் கருவி ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்தில் கொண்டுசேர்த்தது. அதன்பின் ஒரு நிமிடம் செலவிட்டுத் தொலைபேசியில் ஒப்புநோக்கியவரே அச்செய்தியை உண்மையில் கொண்டுசேர்த்தார். இரண்டாவது நிமிடத்தை மிச்சப்படுத்தும் கருவி இன்னும் உருவாகவில்லை. எக்கருவியை எந்த அலுவலகத்தில் நிறுவினாலும், அந்த நிமிடத்திற்குரியவர் யார் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பின்னர் மின்விசையை இயக்குவதே முறை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள அலுவலகம் அல்லது தொழிற்கூடம் ஒன்றில் நெடுநாள் பணியாற்றியவரைச் சந்தித்து, டெலக்ஸ், தந்தி, தொலைநகல் ஆகியவற்றுள் ஒன்றைக் கையாண்ட பட்டறிவைக் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.
2. 'பெற்றேன்' என்பதற்கும் 'புரிந்துகொண்டேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை, உங்கள் அன்றாட வாழ்வில் நிகழ்ந்த செய்திப் பரிமாற்றம் ஒன்றைச் சான்றாகக் காட்டி வகுப்பறையில் உரையாடுக.
3. பள்ளி அலுவலகத்திலோ நூலகத்திலோ உள்ள கருவி ஒன்றைத் தேர்ந்து, அதைப் பயன்படுத்துவோருக்கான ஐந்து விதிகளைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறுக.